சைக்கிளில் வந்த மிரட்டல்

முகாய் தெய்ஜிக்கு அந்த வயிற்றெரிச்சல் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். காரணம், எதிர்க்கடை வாசலில் வந்து நின்ற இரண்டு கருப்புக் கார்கள்.

சத்தமே இல்லாமல் வந்து நின்றன. உறுமல் இல்லை, புகை இல்லை. அவ்வளவு உயர்ந்த ரகம் போலும் என்று தம் மெத்தைக் கடைக்குள்ளிருந்தபடி முகாய் நினைத்துக்கொண்டார். முன்காரிலிருந்து இறங்கியவரை அமாகசாகி நகரத்தின் தென்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். தொகுமாரு. ஷிராய்வா சங்கம் என்ற ரவுடிக் கூட்டத்தின் இரண்டாவது தலை. தலைவர் கண்ணசைத்தால் கை ஓங்குபவர். தலைவர் தூங்கினால் தாமே கண்ணையும் அசைத்துக்கொள்பவர்.

அப்பேர்ப்பட்ட தொகுமாரு, எதிர்ச் சலவைக் கடைக்காரர் கொமதானியின் முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு இடுப்பு ஒடியக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்காரோடு வந்தவர்களும் வரிசையாக நின்று குனிந்தார்கள். கொமதானி கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்று, மோவாயை மட்டும் லேசாகத் தூக்கினார்.

எங்கள் கடைத்தெருவில் யார் யாருக்கு எவ்வளவு குனிகிறார்கள் என்பதைப் பார்த்தே ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். தெரிந்தவருக்குத் தலை மட்டும். வாடிக்கையாளருக்கு அரை இடுப்பு. முழு இடுப்பைப் பார்ப்பது அபூர்வம். தம் அப்பா இறந்தபோது வந்தவர்கள்கூட அவ்வளவு குனியவில்லை என்பது முகாய்க்கு ஞாபகம் வந்தது.

கொமதானியும் ஷிராய்வாக்காரர்களிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்று முகாய் அந்த நிமிடமே முடிவுகட்டினார். அதுவும் சின்னக் கடன் இல்லை. கார் வைத்து, ஆள் வைத்து, குனிந்து கேட்கும் அளவுக்குப் பெரிய கடன்.

கார்கள் போன கையோடு, டிரிங் டிரிங் என்று மணி கேட்டது. முகாயின் கடைவாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பெண்கள் காய்கறி வாங்கப் போவார்களே, முன்னால் கூடை வைத்தது, அந்த மாதிரி சைக்கிள். கூடையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

"முகாய்-சான், இருக்கீங்களா? மிரட்ட வந்திருக்கேன்."

கிஷி. ஷிராய்வா சங்கத்தின் வசூல் ஆள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்.

முகாய் இவர்களிடம் கடன் வாங்கியதற்கும் கொமதானிதான் காரணம். சென்ற வருடம் சலவைக் கடைக்கு நீல விளக்கு எரியும் பெயர்ப்பலகை வந்தது. அதைப் பார்த்த முகாய்க்குச் சோறு இறங்கவில்லை. வங்கியில் கேட்டார், மெத்தைக் கடைக்கு எதற்குப் பலகை என்று சிரித்தார்கள். ஷிராய்வா சங்கத்தின் 'மனநிம்மதி கடனுதவி' என்ற அலுவலகத்தில் சிரிக்காமல் இரண்டு லட்சம் யென் கொடுத்தார்கள். பலகை வந்தது. நீலமும் சிவப்புமாக எரிந்து, சுழலவும் செய்தது. அன்றிலிருந்து செவ்வாய் தோறும் கிஷியும் வந்தார்.

கிஷி செருப்பை வாசலில் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். முகாயின் மனைவி சுமியே தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கடனைக் கட்டலைன்னா என்ன நடக்கும்னு தெரியும்ல?" என்றார் கிஷி, தேநீரை ஊதிக்கொண்டே. "டீ பிரமாதம்மா. கடல்ல மிதப்பீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"கிஷி-சான்," என்றார் முகாய். "நீங்க ஏன் என்னைச் சத்தம் போட்டு மிரட்ட மாட்டேங்குறீங்க?"

"புதுச் சட்டம் வந்திருக்குங்க. சத்தம் போட்டா உள்ள தூக்கி வச்சிருவான். அதோட தொண்டையில ஏதோ கட்டி மாதிரி இருக்கு, கத்தாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எதுத்தாப்புல கார் வந்துச்சே. எனக்கு மட்டும் சைக்கிளா? நானும் கடன்காரன்தானே? எனக்கும் மானம் மரியாதை இருக்குல்ல?"

கிஷி சலவைக் கடைப் பக்கம் பார்த்தார். பிறகு தேநீரைப் பார்த்தார். "அது பெரிய இடத்து விவகாரம், முகாய்-சான். நான் பேசக்கூடாது."

பெரிய இடம். முகாய்க்கு நெஞ்சில் யாரோ கடுகு தாளித்தது போலிருந்தது.

"ஒரு தரமாவது தெருவுல நின்னு கத்துங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

கிஷி நல்ல மனிதர். ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் தொண்டைக்கு மருந்து மிட்டாய் போட்டுக்கொண்டு வந்து, தெரு நடுவில் நின்று, "முகாஆஆய்! வெளிய வாடாஆஆ!" என்று இழுத்தார். குரல் கமறி, கடைசியில் ராகம் சேர்ந்துவிட்டது. பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பெண்கள் கையில் சில்லறையோடு ஓடிவந்து, "சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி எங்க?" என்று கேட்டார்கள்.

கொமதானி தம் கடைவாசலில் நின்று இதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட முகாய் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

அன்றே முகாய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சங்கத்தின் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகம் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போட அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு, சாமி மாடத்துக்கு இரண்டு முறை கை தட்டிக் கும்பிட்ட பிறகுதான் கடன்காரர்கள் உட்காரலாம் என்பது அங்கே விதி. சுவரில் 'நேர்மை' என்று தூரிகையால் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே ஐந்தாறு பேர் பழைய விளையாட்டு உடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இளையவருக்கு ஐம்பத்தொன்று. அவரை எல்லோரும் 'பொடியா' என்று அழைத்தார்கள்.

"எல்லாரும் பயிற்சிக்குக் கிளம்புறாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார் முகாய்.

"ஆமா," என்றார் பொடியன். எழுந்து இரண்டு முறை கையை நீட்டி மடக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தொகுமாரு மட்டும் கோட்டு போட்டிருந்தார். அது முழங்கையில் பளபளத்தது. விலை உயர்ந்த துணிதான் என்று முகாய் முடிவு செய்தார்.

தொகுமாரு தம் பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார். முகாய் இரண்டு கைகளாலும் வாங்கினார். படித்தார். சட்டைப்பையில் வைக்கப்போனார்.

"பார்த்துட்டுக் குடுத்துருங்க," என்றார் தொகுமாரு. "அச்சகத்துல எங்களுக்கு இப்ப அடிச்சுத் தர மாட்டேங்குறாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

முகாய் இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். தொகுமாரு அதை வெள்ளிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சொல்லுங்க. எங்க ஆளு உங்களை மரியாதைக்குறைவா நடத்தினாரா?"

"ரொம்ப மரியாதையா நடத்துறார். அதான் குறை."

தொகுமாரு கண்ணை மூடித் தலையசைத்தார். இந்தக் குறையை அவர் இதற்கு முன்னும் கேட்டிருப்பார் போலிருந்தது.

"முகாய்-சான், எங்களைக் கந்துவட்டிக்காரங்கன்னு பேப்பர்ல எழுதுறாங்க. மனசு வலிக்குது. பலவீனமானவனுக்குக் கை குடுக்குறது, பலசாலியைத் தட்டிக் கேக்குறது, இதுதான் எங்க பரம்பரை. ஆனா கை குடுக்கணும்னா முதல்ல பலவீனமானவன் வேணும்ல? தானாக் கிடைக்குற பலவீனமானவன் இந்தக் காலத்துல கம்மி. அதனால நாங்களே உழைச்சு நாலு பேரை அப்படி ஆக்க வேண்டியிருக்கு. அது எவ்வளவு பெரிய வேலைன்னு போலீசுக்கு எங்க புரியுது?"

"பலசாலியைத் தட்டிக் கேக்குறது?"

"அதுக்கு இன்னும் நேரம் வரல."

சுற்றியிருந்தவர்கள், "உண்மைண்ணே" என்றார்கள்.

"எங்க சங்கம் ஒரு குடும்பம்," என்று தொகுமாரு தொடர்ந்தார். "தலைவர் எங்களுக்கு அப்பா. நான் மூத்த பிள்ளை. கிஷி என்னைவிடப் பத்து வயசு பெரியவர், ஆனாலும் என் தம்பி. மாசாமாசம் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அப்பாவுக்குப் பணம் குடுக்குறோம். பதிலுக்கு அவர் எங்களுக்கு என்ன குடுக்குறார்? குடுக்க ஒரு அப்பா இருக்கார்ங்கிற தைரியத்தைக் குடுக்குறார். எந்த கம்பெனியில கிடைக்கும் இது?"

"எங்கயும் கிடைக்காதுண்ணே," என்றார் பொடியன். அவர் குரல் லேசாக உடைந்தது.

"அப்பா இப்ப ஓய்வு எடுக்கப்போறார். அடுத்து நான். மதுக்கிண்ணம் மாத்திப் பதவி ஏத்துக்குற விழா வருது. ஜப்பான் பூராவிலேருந்து பெரியவங்க வருவாங்க. அத்தனை பேரும் குலச்சின்னம் போட்ட கருப்புக் கிமோனோவுல உக்காரணும். கிமோனோ இல்லாம கிண்ணத்தைத் தொட முடியாது. கிண்ணத்தைத் தொடலைன்னா நான் தலைவர் இல்ல. தலைவர் இல்லைன்னா சங்கமே இல்ல."

"கிமோனோ எல்லாம் தயாரா?"

விளையாட்டு உடைக்காரர்கள் அவரவர் முழங்காலைப் பார்த்தார்கள்.

"பத்திரமான இடத்துல இருக்கு," என்றார் தொகுமாரு ஜன்னல் பக்கம் திரும்பி.

முகாய்க்குக் கிமோனோவில் அக்கறை இல்லை. "என் விஷயத்துக்கு வர்றேன். எனக்குக் கார் வேணும்."

"இரண்டு லட்சத்துக்குச் சைக்கிள்தாங்க. அதான் வழக்கம். வழக்கத்தை மீறினா மத்த கடன்காரங்க மனசு என்ன பாடுபடும்? பத்து லட்சத்துக்கு ஸ்கூட்டர் அனுப்புவோம். காருன்னா வீட்டுப் பத்திரம் இல்லாம முடியாது."

"கொமதானி என்ன குடுத்தார்?"

தொகுமாருவின் முகம் காதுவரை சிவந்தது. நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

"கொமதானி-சாமா விஷயத்தை நாங்க வெளிய பேசுறதில்ல. அவருக்கு நாங்க பட்டிருக்குற கடமை அப்படி. அவர் முன்னால எங்களால தலை நிமிர முடியாது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

சாமா! எங்கள் ஊரில் மற்றவர்களெல்லாம் வெறும் சான்; கடவுளையும் சக்கரவர்த்தியையும் நிறைய வாங்கும் வாடிக்கையாளரையும்தான் அப்படிச் சொல்வார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்குக் கொமதானியை நிறுத்தியது, திருவிழாப் பல்லக்கில் முன்தண்டை அவன் தோளுக்குக் கொடுத்தது, சுமியேவின் அப்பா முதலில் அவன் வீட்டில் போய்ச் சம்பந்தம் பேசியது, எல்லாம் முகாயின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. இப்போது சாமாவும் சேர்ந்துகொண்டது.

"நானும் குடுக்குறேன்," என்றார் முகாய். "வீட்டுப் பத்திரம்."

தொகுமாரு எழுந்து நின்று அரை இடுப்பு குனிந்தார். முகாய்க்கு அது இனித்தது. அரைதான் என்பது வலிக்கவும் செய்தது.

சுமியே விஷயத்தைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அரிசிக்குக் கடன் வாங்குவாங்க, வைத்தியத்துக்கு வாங்குவாங்க. மிரட்டுறவன் கார்ல வரணும்னு எவனாவது வாங்குவானா?"

"நீதானே சொன்ன, கொமதானி கடை வாசல்ல கார் நிக்குது, பார்த்தீங்களான்னு."

"வழியை மறைச்சிட்டு நிக்குதுன்னு சொன்னேங்க!"

"சொன்ன விதத்துல ஒரு பெருமை இருந்துச்சு."

"என்ன பெருமை? கீழ கடை, மேல வீடு, இதைத் தவிர நமக்குன்னு ஒரு பிடி மண் இருக்கா? அதுவும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போய்ப் படுக்குறது? மெத்தை இருக்கு, விரிக்கத் தரை வேணும்ல?"

"அவன் சட்டைக் காலரை நல்லா மடிக்குறான்னு இருபது வருஷமாச் சொல்ற. ஒரு தரமாவது என் மெத்தையை அப்படிச் சொல்லியிருக்கியா?"

சுமியே அடுப்பை அணைத்தாள். "உங்க மெத்தையிலதாங்க இருபது வருஷமாத் தூங்குறேன்," என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு பொதுக்குளியலுக்குப் போனாள்.

வேறொரு மனிதருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்திருக்கும். முகாய் அவள் போனதும் தேயிலை டப்பாவுக்குள் கையை விட்டு, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் குடும்ப முத்திரையை எடுத்தார்.

கையெழுத்துச் சடங்கு பிரமாதமாக நடந்தது. அவருக்கு நடு நாற்காலி. பொடியன் விசிறினார். முத்திரை குத்தியதும் எல்லோரும் ஒரே தாளத்தில் கை தட்டினார்கள். முப்பது லட்சம் யென் என்று பேசி முடித்தார்கள். அதில் முதல் வட்டியை முன்கூட்டியே கழித்தார்கள், அது தொழில் வழக்கம். பழைய கடனைக் கழித்தார்கள், அதுவும் நியாயம். மூன்று காருக்கு வாடகை. தலைவர் ஓய்வுக்கு வாழ்த்துப் பணம். புதுத் தலைவருக்கு இன்னொரு வாழ்த்து. மிச்சத்தை அழகான உறையில் போட்டு, சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் விலாங்கு மீன் சாப்பாடு சாப்பிடலாம். சூப்பு தனியாக வாங்க வேண்டும்.

"பத்திரத்தை எங்க வைப்பீங்க?" என்று கேட்டார் முகாய்.

"எங்க மரியாதை எங்க இருக்கோ, அங்க," என்றார் தொகுமாரு. அவர் கண் கலங்கியிருந்தது. முகாய்க்கும் நெஞ்சு நெகிழ்ந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் முகாய் கடைவாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். புதுக் கோட்டு போட்டுக்கொண்டார். காய்கறிக்கடை அம்மாள், "விசேஷமா?" என்று கேட்டாள்.

"என்னை மிரட்ட வர்றாங்க," என்றார் முகாய். "மூணு கார்ல."

"அடேயப்பா! எத்தனை மணிக்கு?"

"பத்து. முன்னாடியே வந்து நில்லுங்க, அப்புறம் இடம் கிடைக்காது."

பத்து மணிக்குத் தெருவில் நல்ல கூட்டம். சுமியே மட்டும் கடைக்குள்ளேயே இருந்தாள். முத்திரை காணாமல் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தேயிலை டப்பாவைத் திறந்தபடி மேசை நடுவில் வைத்திருந்தாள்.

கார்கள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று. வழக்கம்போலச் சத்தமே இல்லை. மூன்றும் முகாயின் கடைவாசலில், சரியாக அவருடைய வாசலில், வந்து நின்றன. முகாய் எதிர்ச் சலவைக் கடையைப் பார்த்தார். கொமதானி வெளியே வந்து நின்றார். அந்த ஒரு விநாடிக்காகத்தான் முகாய் ஐம்பத்து நான்கு வருடம் வாழ்ந்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

தொகுமாரு இறங்கினார். கார்களுக்குப் பின்னாலிருந்து விளையாட்டு உடைக்காரர்கள் வந்தார்கள். முகாய் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, பயப்படுவதற்குத் தயாராக நின்றார்.

தொகுமாரு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். தெருவைக் கடந்து, கொமதானியின் முன்னால் வரிசையில் நின்றார்கள். குனிந்தார்கள். முழு இடுப்பு. தொகுமாரு தலையைத் தூக்காமலே, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு உறையை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"நாலு வருஷம் பொறுத்தீங்க, கொமதானி-சாமா. இதை ஏத்துக்கிட்டு எங்க மானத்தைக் காப்பாத்துங்க."

கொமதானி உறையை வாங்கி, பிரிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கருப்புக் கிமோனோக்கள். சுருக்கம் இல்லாமல், கஞ்சி மொடமொடக்க, நெஞ்சில் வெள்ளைக் குலச்சின்னம் மின்ன, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கத்தார் அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லக்கு தூக்குவது போல நடந்துவந்து கார்களுக்குள் வைத்தார்கள். பொடியன் தம்முடையதை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதேவிட்டார்.

பிறகு மூன்று பேர் காருக்குள் உட்கார, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ள, மூன்று கார்களும் சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பின. ஒருவரும் முகாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் யாரோ, "மிரட்டல் முடிஞ்சுதா, இனிமேதானா?" என்று கேட்டார்கள்.

டிரிங் டிரிங் என்று மணி கேட்டது. கிஷி சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"கார்ல இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்க," என்றார்.

"கிஷி-சான்," என்றார் முகாய். "அவங்க ஏன் காரைத் தள்ளுறாங்க?"

"பெட்ரோலுக்கு ஏதுங்க காசு? எப்பவும் முனையிலேருந்து தள்ளிட்டுத்தான் வர்றோம். என் முழங்கால் எப்படிப் போச்சுன்னு நினைக்குறீங்க?"

"அப்ப கொமதானி வாங்கின கடன்?"

"அவர் எங்க வாங்கினார்? நாங்கதான் அவருக்குப் பாக்கி. நாலு வருஷச் சலவைக் கூலி. ஊர்ல வேற எந்தச் சலவைக் கடையும் எங்க துணியைத் தொடாது, சங்கத்து ஆளுங்க வரக்கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கான். இவர் தொட்டார். கடைசியில இவரும் பொறுமை போயி, பணம் வராம துணி வராதுன்னுட்டார். விழா வேற வந்திருச்சு."

"அப்ப அந்தக் குனிஞ்சது?"

"மன்னிப்புங்க. தவணை கேட்டு மன்னிப்பு. மரியாதைக்கு யாராவது அவ்வளவு நேரம் குனிவானா?"

தெருவுக்கு அந்தப் பக்கம் கொமதானி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். மெதுவாகத் தெருவைக் கடந்து வந்தார்.

"முகாய், பணம் இல்ல, ஒரு பத்திரம் தர்றோம்னாங்க. யாரோ எங்கயோ தொலைஞ்சவன் வீடுன்னு நினைச்சேன்." அவர் பத்திரத்தைப் பார்த்தார், மெத்தைக் கடையைப் பார்த்தார். "இது உன் வீடுடா."

முகாய் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"அவங்ககிட்ட நீ ஏன்டா பத்திரத்தைக் குடுத்த? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"வியாபாரத்துல நஷ்டமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

கேள்விக்குப் பதிலாகச் சுமியே கடையிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கொமதானியின் முன்னால் நின்று குனிந்தாள். "கொமதானி-சான், எங்களை இங்கயே இருக்க விடுங்க."

முகாய் அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். முக்கால் இடுப்பு இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"நிமிருங்கம்மா, நிமிருங்க," என்று கொமதானி பதறினார். "நான் ஒண்ணும் உங்களைத் துரத்தப்போறதில்ல. ஆனா நாலு வருஷக் கூலி எனக்கும் வேணும். மாசாமாசம் ஏதோ வாடகைன்னு குடுத்துட்டு இருங்க. என் பாக்கி தீர்ந்ததும் பத்திரத்தை எடுத்துக்கங்க. அப்புறம்..." அவர் அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பலகையை நிறுத்திருங்க. சுத்திச் சுத்தி என் படுக்கையறைக்குள்ள வெளிச்சம் அடிக்குது. ஒரு வருஷமாத் தூக்கமில்ல. சொன்னா இவன் வருத்தப்படுவானோன்னு பேசாம இருந்தேன்."

சுமியே உள்ளே போய் விசையைத் தட்டினாள். நீலமும் சிவப்பும் அணைந்தன. பலகை இன்னும் அரைச் சுற்று சுற்றி, முகாயின் பெயர் சுவரைப் பார்த்தபடி நின்றது.

கொமதானி கிஷியிடம் திரும்பினார். "வாடகை வாங்க ஒரு ஆள் வேணும். நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது. நீங்க வர்றீங்களா?"

"மிரட்டணுமா?"

"வேண்டாம்."

"சம்பளம் நிஜமாவே குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

கிஷிக்கு நம்பமுடியவில்லை. தொப்பியைக் கழற்றினார். "செவ்வாய்க்கிழமை வர்றேன்," என்றார். "எனக்கும் அதான் பழக்கம்."

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முகாய் புதுக் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டினார். குனிந்தார். அரை இடுப்பைத் தாண்டி, முழு இடுப்பைத் தாண்டி, தம் செருப்பின் தையல் தெரியும்வரை குனிந்தார். காய்கறிக்கடை அம்மாள், "ஐயோ, விழுந்துறப்போறார்," என்றாள். அவர் விழவில்லை. கொமதானி சங்கடப்பட்டு, பதிலுக்கு அரை இடுப்பு குனிந்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாகிவிடும் என்று முணுமுணுத்தபடி தம் கடைக்குப் போனார். முகாய் இன்னும் நிமிரவில்லை.

கூட்டம் கலைந்தது. சுமியே, "டீ ஆறுது," என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

முகாய் ஒருவழியாக நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த கிஷியை அருகே கூப்பிட்டார்.

"கிஷி-சான், மறைக்காமச் சொல்லுங்க."

"என்னங்க?"

"தொகுமாரு குனிஞ்சதையும் பார்த்தீங்க. நான் குனிஞ்சதையும் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"யாரோடது ஆழம்?"

கிஷி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யோசித்தார். இத்தனை வருடத் தொழிலில் குனிந்தவர்களையே பார்த்தவர் அவர்.

"உங்களோடதுதான், முகாய்-சான். பக்கத்துலகூட வர முடியாது."

முகாய் எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேநீர் குடிக்க உள்ளே போனார்.